கவுச்சி அடிக்கும் பாசி

மாமாதான் முதலில் அதை மோந்து பார்த்தார்.

2022 நவம்பர் மாதம். கேமரன் மலையில், குனோங் பிரிஞ்சாங் உச்சிக்கு ஏறும் குறுகலான தார்ச்சாலையில் நின்றுகொண்டிருந்தோம். காலை ஒன்பது மணி இருக்கும். தேயிலைத் தோட்டம் கீழே முடிந்துபோய், சாலையின் இரண்டு பக்கமும் பாசி மூடிய குட்டை மரங்கள். இரவு முழுக்க மழை. சாலையோரம் சாய்ந்து நின்ற ஒரு மரத்தின் தண்டில், என் உள்ளங்கை அளவுக்கு, ஈரமான கரும்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று இலை இலையாக மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அழுகிய இலை என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் வெல்வெட் துணி மாதிரி இருந்தது. அதில் ஊசியால் குத்தியதுபோல வெள்ளை வெள்ளையாகக் குழிகள்.

அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக நான் லைக்கன்களைப் பார்த்து வந்திருக்கிறேன். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஈப்போ வீட்டு வாசலில் இருந்த தென்னை மரத்தில் தொடங்கிய பழக்கம் அது. ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்த மரத்தில் அது ஒன்றுதான் இருந்தது. பக்கத்து மரங்களிலும் கண்ணில் படவில்லை. 'இது அபூர்வமானது' என்று மனசு சொன்ன அடுத்த நிமிடம், நகத்தை விட்டு முழுவதையும் பெயர்த்து எடுத்துவிட்டேன். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன்.

மாமா அதைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"பாப்பா, இதுல கவுச்சி அடிக்குது."

"என்ன மாமா?"

"கருவாட்ட ஊற வச்ச தண்ணி மாதிரி. மோந்து பாரு."

உண்மைதான். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், 2000 மீட்டர் உயரத்தில், மரப்பட்டையிலிருந்து எடுத்த ஒன்றில் நெத்திலிக் கருவாட்டு வாசம். பெட்ரோல் ரசீதை மடித்து உறை மாதிரி செய்து அதற்குள் வைத்துக்கொண்டேன். காரில் ஏறியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

*

லைக்கனுக்குத் தமிழில் என்ன பெயர் என்று அம்மாவிடம் கேட்டேன். "பாசிதானே" என்றார். குளத்துத் தண்ணீரில் மிதப்பதும் பாசி, குளியலறைச் சுவரில் வழுக்குவதும் பாசி, மழைக்காலத்தில் மரத்தில் பச்சையாகப் படர்வதும் பாசி. நம் பேச்சில் பாசிப்பயறும் உண்டு, பாசிமணியும் உண்டு. மலாய்க்காரர்களின் 'லூமுட்'டும் இப்படித்தான் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. பேராவில் அந்தப் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது.

ஆனால் நம் சமையலறையில் லைக்கனுக்குத் தனிப் பெயர் ஒன்று இருக்கிறது: கல்பாசி. செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் தாளிக்கும்போது போடுவோமே, கறுப்பும் சாம்பலுமாகச் சுருண்டு கிடக்கும் அந்தக் காய்ந்த பொருள், அது ஒரு லைக்கன். பெயரில் கல் இருந்தாலும் மரப்பட்டையிலும் வளரும். கடையில் ஒரு பொட்டலம் வாங்கிக் கொட்டிப் பார்த்தால் பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஒரே பொட்டலத்தில் இரண்டு மூன்று வகை கலந்திருப்பதும் சாதாரணம். பெயர் தெரியாமலேயே நாம் லைக்கன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

லைக்கன் என்பது ஒற்றை உயிர் அல்ல. ஒரு பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கிறது. அதற்குள் ஒரு பச்சைப்பாசியோ சயனோபாக்டீரியாவோ குடியிருந்து வெயிலில் சமைத்துப் போடுகிறது. சிலவற்றில் இரண்டுமே குடியிருக்கும். 1860களின் இறுதியில் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் இதைச் சொன்னபோது, லைக்கன்களையே வாழ்நாள் முழுக்கப் படித்தவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. அதில் முக்கியமானவர் வில்லியம் நைலாண்டர். அவர் சாதாரண ஆளில்லை. பாரிஸின் லக்ஸம்பர்க் தோட்டத்து மரங்களில் இருந்த லைக்கன்களைக் கணக்கெடுத்து, நகரத்துக் காற்றின் தரத்தை இவற்றைக் கொண்டு அளக்கலாம் என்று 1866லேயே எழுதியவர். லைக்கன்மீது வேதிப்பொருளைச் சொட்டவிட்டு நிறமாற்றத்தைப் பார்த்து அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்தவரும் அவரே. இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவருக்கு, தான் பார்ப்பது இரண்டு உயிர் என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

*

வீட்டுக்கு வந்ததும் சோதனையை ஆரம்பித்தேன். என்னிடம் இருந்த கருவிகள் மூன்று. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு, துணி வெளுக்கும் குளோரக்ஸ்.

எங்கள் வாசல் தென்னையில் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும் பைக்ஸின் கோகோஸ்மீது இரவில் ஊதா விளக்கை அடித்தால் மஞ்சளாக ஒளிரும். பெயரிலேயே தேங்காய் இருக்கிறது பாருங்கள். அதில் உள்ள லைக்ஸாந்தோன் என்ற பொருள்தான் அந்த ஒளிக்குக் காரணம். பார்மோட்ரீமா டிங்க்டோரம் என்று ஒன்று உண்டு. அதன் மேல்தோலைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, உள்ளே தெரியும் வெள்ளைப் பகுதியில் ஒரு சொட்டுக் குளோரக்ஸ் விட்டால் குங்குமம் கரைத்ததுபோலச் சிவக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு, அந்தக் குளோரக்ஸ மூடி வை" என்றார்.

கேமரனிலிருந்து வந்தது ஒளிரவில்லை. சிவக்கவும் இல்லை. எதைச் செய்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. காய்ந்ததும் கரும்பழுப்பு வெளிறி, காகிதம்போல மொறுமொறுப்பாகிவிட்டது. செத்துவிட்டது என்று நினைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சில நொடிகளில் ஓரங்கள் விரிந்து, நிறம் கறுத்து, கவுச்சி மறுபடி கிளம்பியது.

நான்கைந்து இரவுகள் படித்த பிறகு மாமாவின் மூக்கும் அந்த வெள்ளைக் குழிகளும்தான் வழிகாட்டின. அந்தக் குழிகள் சும்மா ஓட்டைகள் அல்ல. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்துக்கு இருப்பதுபோல ஒரு விளிம்பு. சைஃபெல்லா என்று பெயர். லைக்கன் முழுக்க நனைந்திருக்கும்போதும் உள்ளே காற்றுப் போய்வர உதவும் மூச்சுத் துளைகள். இப்படி விளிம்பு கட்டிய துளைகள் இருந்தால் அது ஸ்டிக்டா என்ற பேரினம். 'புள்ளி போட்டது' என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். இதே குடும்பத்தில் நெருங்கிய இன்னொரு பேரினம் சூடோசைஃபெல்லேரியா. அதன் அடியிலும் புள்ளிகள் உண்டு, ஆனால் விளிம்பு இருக்காது. ஸ்டிக்டாவில் பெரும்பாலானவற்றுக்கு நிறம் மாறும் வேதிப்பொருள்கள் கிடையாது. ஆக, என் சோதனைகளில் 'ஒன்றும் நடக்காதது' ஒரு விடைதான். நனைந்தால் மீன் கவுச்சி அடிப்பதும் சயனோபாக்டீரியா குடியிருக்கும் ஸ்டிக்டாக்களின் வழக்கம். மீனிலிருந்து வரும் கவுச்சிக்கும் இதற்கும் காரணம் ஒரே குடும்பத்து வேதிப்பொருள், மெதிலமைன்கள்.

பேரினம் கிடைத்துவிட்டது. எந்த இனம்? அங்கே நின்றுவிட்டேன். வித்துகளைப் பார்க்கலாம் என்றால் அதில் வித்துக்கிண்ணமே இல்லை. ஓரங்களில் மணல் மணலாக ஐசிடியா மட்டும்தான். உடைந்து விழுந்து புதிதாக வளரும் துணுக்குகள் அவை. படங்களை எடுத்து, லைக்கன் படித்த ஓர் ஆய்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'இது அபூர்வ இனமாக இருக்குமா?' என்பதுதான் என் கேள்வி.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ஸ்டிக்டா என்பது சரி, மரபணுவைப் பார்க்காமல் இனம் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தார். பிறகு வரிசையாகக் கேள்விகள். என்ன மரம்? தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்? தண்டின் எந்தப் பக்கம்? வெறும் பட்டையிலா, பாசிமேலா? தண்டு எவ்வளவு பருமன்? மேலே கிளை மூடியிருந்ததா? பக்கத்தில் வேறு என்ன லைக்கன்கள் இருந்தன? அதே மரத்தில் மீதி எவ்வளவு இருக்கிறது?

ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் தெரியும். மீதி இல்லை.

*

அந்த மின்னஞ்சலுக்கு நான் மூன்று மாதம் பதில் எழுதவில்லை. உறை மேசை இழுப்பறையில் கிடந்தது. பொருளைக் கொண்டுவந்துவிட்டேன், அது இருந்த இடத்தை விட்டுவிட்டு வந்துவிட்டேன். கதையிலிருந்து ஒரு வரியைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து, இது யார் எழுதிய கதை என்று கேட்பது மாதிரிதான். வரி நன்றாகவே இருக்கலாம். யார், எங்கே, எந்தச் சூழலில் சொன்னது என்பதெல்லாம் கிழித்த பக்கத்திலேயே நின்றுவிட்டது.

2023 மார்ச்சில் மறுபடி மாமா வீட்டுக்குப் போனேன். மாமா தேயிலைத் தோட்டத்தில் 31 வருஷம் வேலை செய்தவர். அதில் பாதிக்கு மேல் கவ்வாத்துக் கூட்டத்தில். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"இதுக்கா மூணு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த? இது எங்க தேயிலையிலயே கெடக்குமே. கவ்வாத்து வெட்டி முடிச்சதும் சாக்குத்துணியக் குடுத்து தண்டுல உள்ள பாசியெல்லாம் தேய்ச்சு எடுக்கச் சொல்லுவாங்க. நான் சுரண்டிப் போட்டதே லாரி கணக்குல இருக்கும்."

அப்படியானால் இது அபூர்வமே இல்லையே என்று ஒரு பக்கம் ஏமாற்றம், மறுபக்கம் நிம்மதி. அன்று மாலையே பழைய தேயிலைச் செடிகள் இருந்த ஒரு வரப்புக்குக் கூட்டிப்போனார். தண்டுகளில் லைக்கன்கள் நிறைய இருந்தன. சாம்பல் பச்சை, வெள்ளைத் திட்டு, தாடி மாதிரித் தொங்குவது. இலை மாதிரி இருந்ததைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கறுப்பு, வேர்போலச் சில நூல்கள். குழிகள் இல்லை. மாமா கிள்ளி, எச்சில் தொட்டு நனைத்து மோந்து பார்த்தார். கவுச்சி இல்லை.

"அட, வேறதான்," என்றார். கொஞ்ச நேரம் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அது தோட்டத்துக்கு வராத ஜாதி."

மறுநாள் முழுக்க அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் தேடினோம். அது ஏன் தோட்டத்துக்கு வராது?

*

காலை ஏழரைக்கெல்லாம் மேலே போய்விட்டோம். இந்த முறை நோட்டுப் புத்தகம், அளவு நாடா, லென்ஸ். எதையும் எடுப்பதில்லை, சாலையையும் ஏற்கனவே இருக்கும் ஒற்றையடிப் பாதையையும் விட்டு இறங்குவதில்லை என்று முடிவு. அந்தக் காட்டின் தரை வெறும் மண் இல்லை. பாதி மட்கிய இலையும் பாசியும் பஞ்சு மெத்தைபோலக் கிடக்கும். ஒரு தடவை மிதித்த இடம் எழும்ப வெகுநாளாகும்.

மலேசிய மலைகளில் இந்த உயரத்துக்கு வந்ததும் காடு குள்ளமாகிவிடுகிறது. கீழ்க்காட்டு மரங்கள் 40, 50 மீட்டர் வளரும். இங்கே பல மரங்கள் வீட்டுக் கூரை உயரம்தான். தண்டுகள் முறுக்கிக்கொண்டு, சாய்ந்து நிற்கும். கீழே கெண்டிச்செடிகள், மேலே காட்டு ரோடோடெண்ட்ரான், கிளையெல்லாம் ஆர்க்கிட். மழை பெய்யாத நாளிலும் இங்கே தண்ணீர் சொட்டும். மேகம் மரங்களுக்குள் நுழையும்போது இலையிலும் பாசியிலும் பட்டுத் துளியாகி, தண்டு வழியே இறங்குகிறது.

நான் பெயர்த்த மரத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மாமாதான் கண்டுபிடித்தார். கீழே கிண்ணத்தோடு கொட்டைகள் கிடந்தன. மலாயில் மெம்பெனிங் என்று சொல்லும் கருவாலிக் குடும்பத்து மரம். தண்டில் என் உள்ளங்கை அளவுக்கு வெளிறிய ஒரு தழும்பு. நகக்கீறல்கூடத் தெரிந்தது.

அங்கிருந்து தொடங்கி மூன்று மணி நேரத்தில் 52 மரங்களைப் பார்த்தோம். மாமா மோந்து பார்ப்பார், நான் எழுதுவேன். முதல் 20 மரத்தில் ஒன்றும் இல்லை. பிறகு பாதை ஒரு சிறிய மடிப்புக்குள் இறங்கியது. மேகம் தங்கும் இடம். அங்கே பருத்துச் சாய்ந்த ஒரு மரத்தின் அடிப்பக்கத்தில், மழைத்தண்ணீர் வழிந்து ஓடும் தடத்தில், ஈரல்வகைப் பாசி மெத்தைக்கு மேலே மூன்று துண்டுகள்.

"பாப்பா! கருவாடு!" என்று மாமா கத்தினார். எதிரே வந்த இரண்டு சுற்றுலாப் பயணிகள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மொத்தம் நான்கு மரங்களில் இருந்தது. நான்கும் பருத்த மரங்கள். நான்கும் சாய்ந்தவை. முழங்காலுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரம். வெறும் பட்டையில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பாசி மெத்தைமேல். வெயிலும் காற்றும் நேராகப் படும் சாலையோர மரங்களில் ஒன்றும் இல்லை. சாலையோரத்தில் இருந்த ஒரே ஒன்று, நான் எடுத்தது.

தோட்டத்துக்கு ஏன் வராது என்பதற்கு விடை இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருந்தது. பச்சைப்பாசி குடியிருக்கும் லைக்கன்கள் காய்ந்து கிடந்தாலும், காற்றில் ஈரப்பதம் ஏறினால் போதும், மறுபடி உணவு தயாரிக்கத் தொடங்கிவிடும். சயனோபாக்டீரியா குடியிருப்பவற்றுக்கு அது போதாது. தண்ணீர் தண்ணீராகவே வந்து நனைக்க வேண்டும். ஆகவே வழிந்தோடும் தடம் வேண்டும், தண்ணீரைப் பிடித்து வைக்கப் பாசி மெத்தை வேண்டும், பாசி மெத்தை கட்டச் சொரசொரப்பான பழைய பட்டை வேண்டும், பட்டை பழையதாக மரம் பல காலம் வெட்டுப்படாமல் நிற்க வேண்டும், இத்தனைக்கும் மேலே தினமும் மேகம் வர வேண்டும். கவ்வாத்து வெட்டி, வெயில் பட்டு, சாக்குத்துணியால் தேய்த்த தண்டில் இதில் ஒன்றும் இல்லை. பதிலுக்கு இதுவும் காட்டுக்கு ஒன்று தருகிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் திறமை சயனோபாக்டீரியாவுக்கு உண்டு. லைக்கன் உதிர்ந்து மட்கும்போது அது மண்ணுக்குப் போகிறது.

ஆய்வாளர் கேட்ட கேள்விகள் எதுவும் சும்மா கேட்டவை இல்லை. ஒவ்வொன்றும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

*

அன்றிரவு எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதினேன். முழுவதையும் பெயர்த்து எடுத்ததையும் எழுதினேன். அவர் திட்டவில்லை. 'அபூர்வம்' என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்தச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தச் சொல்லைப் பற்றி அதன் பிறகு நிறையப் படித்தேன். எரியோடெர்மா பெடிசெல்லேட்டம் என்று ஒரு லைக்கன் உண்டு. இதுவும் மரப்பட்டையில், மூடுபனிக் காட்டில், சயனோபாக்டீரியாவோடு வாழ்வதுதான். 1902ல் கனடாவின் ஒரு தீவில் முதன்முதலாக எடுக்கப்பட்டது. சுவீடனில் அது இருந்த காடுகள் வெட்டப்பட்டு அழிந்துபோனது. உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட இரண்டு லைக்கன்களில் அது ஒன்று. பிறகு அலாஸ்காவில் தேடிப் பார்த்தார்கள். அங்கே பெரிய கூட்டமே இருந்தது. அதற்காக அது ஆபத்திலிருந்து தப்பித்துவிட்டது என்று அர்த்தமில்லை. காடு போன இடத்தில் அதுவும் போய்விட்டது என்பது உண்மை. தேடாத இடத்தில் அது இருந்தது என்பதும் உண்மை.

இன்னொரு கதை நேர் எதிரானது. தென் அமெரிக்க மலைகளில் எங்கும் கிடைக்கும் சாதாரண லைக்கன் என்று நினைத்திருந்த ஒன்றை மரபணு வழியாகப் பார்த்தார்கள். ஒரே இனம் என்று நினைத்தது குறைந்தது 126 இனங்கள் என்று 2014ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. 400க்கும் மேல் இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. சில, ஒரே ஒரு மலைப்பகுதியில் மட்டும் இருப்பவை. பெயர் ஒன்று என்பதால் எங்கும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

நம் மலைகளில் லைக்கன் பார்ப்பவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். இங்கே ஒன்றை அபூர்வம் என்று சொல்வதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அது குறைவாக இருக்கிறது, அல்லது நாம் குறைவாகப் பார்த்திருக்கிறோம். எது சரி என்று வீட்டு மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. 52 மரம் பார்த்தும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் குறைவு என்பதைச் சொல்லலாம். மேகம் தங்கும் உயரத்துக்கு மேலே மலைக்கு அதிகம் உயரம் மிச்சமில்லை. கீழேயிருந்து காய்கறித் தோட்டங்கள் ஏறி வருகின்றன. பூமி சூடாகி மேகம் மேலே ஏறினால் மரங்கள் அதன் பின்னாலேயே ஏறிப் போக முடியாது.

"முன்னயெல்லாம் பெரட்டு முடிஞ்சு மலைக்கு ஏறும்போதுகூட பனி விலகியிருக்காது. பக்கத்துல நிக்கிற ஆளே தெரியாது," என்று மாமா சொல்வார். ஒருவருடைய ஞாபகம் அளவீடு ஆகாது. ஆனாலும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

*

அந்த ஸ்டிக்டா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பெட்ரோல் ரசீதிலிருந்து எடுத்து நல்ல காகிதத்தில் மடித்து, மேலே சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். சீட்டின் முதல் வரி: ஸ்டிக்டா, இனம் தெரியவில்லை. அதற்குக் கீழே ஒன்பது வரிகள். மரம், சாய்வு, உயரம், பக்கம், பாசி மெத்தை, மேகம், தேதி, மோந்து பார்த்தவர், அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்டது. பெயரைவிட இடம்தான் சீட்டில் அதிகம். ஒரு நாள் யாராவது மரபணுவைப் பார்த்து முதல் வரியை நிரப்பலாம். மீதி ஒன்பது வரிகளை அந்த ஆள் எழுத முடியாது.

2024 இறுதியில் மறுபடி போனோம். மடிப்புக்குள் இருந்த மூன்று துண்டுகளும் அப்படியே இருந்தன. பெரிதாக வளர்ந்ததாகத் தெரியவில்லை. பல லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். சாலையோர மரத்தின் தழும்பில் பச்சையாக ஒரு படலம் ஏறியிருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பாசி. லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். ஐசிடியா துணுக்கு ஏதாவது விழுந்து ஒட்டியிருக்குமா என்று. ஒன்றும் தெரியவில்லை.

மாமாவுக்கு இப்போது முழங்கால் வலி. ஆனாலும் குனிந்து அந்தத் தழும்புக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார்.

"அடிக்குதா மாமா?"

"இல்ல." நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் வந்து பாப்போம்."